வெள்ளிக்கிழமையைக் கேட்ட பாஸ்

நோன்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் கடைக்கு ரசீதுப் புத்தகங்கள் வரத் தொடங்கிவிடும். வாப்பாவுடையது பெரிய கடை அல்ல. முன்னால் பெயின்ட் டின்கள், நடுவில் ஆணி, பூட்டு, பல்ப், பின்னால் பைப்பும் சீமெந்து மூடைகளும். ஆனாலும் கடை என்று ஒன்று இருந்துவிட்டால் ஊருக்கு அது தெரியும். பள்ளிவாசல் மினாராவுக்குப் பெயின்ட், மத்ரஸாப் பிள்ளைகளுக்கு நோன்புக் கஞ்சி, ஜனாஸா சங்கத்துக்குப் புதிய சந்தூக், ஒரு தாயின் சிறுநீரகச் சிகிச்சை, ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஜேர்சி. எல்லாரும் ஸலாம் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். எல்லாருடைய தேவையும் உண்மையான தேவையாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் காக்கா கட்டாருக்குப் போய்விட்டதால் அந்தக் கணக்குக் கொப்பி என் கைக்கு வந்தது. யார் வந்தார்கள், எதற்காக, எவ்வளவு என்று எழுதி வைப்பது என் வேலை. அதே நாட்களில்தான் வரலாற்றுப் பாட ஒப்படைக்காக மர்ஹூம் வாப்பிச்சி மரிக்காரைப் பற்றித் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கொப்பி, மறு கையில் அவர். அதனால் அவருடைய வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எங்கள் கடையும் கூடவே வந்துவிடுகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். சிலர் வாப்புச்சி என்றும் வேறு சிலர் வாப்பச்சி என்றும் எழுதுகிறார்கள். எங்கள் உம்மும்மாவுக்கு இந்தப் பெயர் பிடித்துவிட்டது. ஒரு பெரிய மனிதரை ஊரெல்லாம் வீட்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டிருக்கிறதே என்று சிரித்தார். பெயருக்குப் பின்னால் இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது: பாஸ். எங்கள் கடைக்கு வரும் மேசன்மாரையும் தச்சர்மாரையும் நாங்கள் கூப்பிடும் அதே பாஸ்தான். அவர் 1829 இல் பிறந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் ஷெய்கு பரீத் என்பவரின் பரம்பரை என்று அவருடைய குடும்பத்தார் சொல்வார்கள். ஆனால் கொழும்பு அவரை அறிந்தது பரம்பரையால் அல்ல, சுவர்களால்.

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பில் அரசாங்கக் கட்டடம் ஒன்று எழும்ப வேண்டுமானால் பொதுவேலைத் திணைக்களம் வரைபடம் போடும். அதை எடுத்துக் கட்டிக் கொடுப்பவர் ஒப்பந்தகாரர். கல், சுண்ணாம்பு, மரம், கூலி, மழை, எல்லாவற்றின் நட்டமும் அவருடைய தலையில்தான். அந்தத் தொழிலில் வாப்பிச்சி மரிக்கார் முன்வரிசையில் நின்றார். புறக்கோட்டையில் இப்போது சந்தை இரைச்சலுக்கு நடுவே நிற்கும் பழைய நகர மண்டபம் அவர் கட்டியது. அதை 689 பவுண் ஒப்பந்தத்தில் கட்டினார் என்று பதிவாகியிருக்கிறது. இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, சாமானும் சேர்த்தா அல்லது கூலி மட்டுமா என்பதுதான். கடைக்காரர்கள் வரலாற்றை இப்படித்தான் வாசிப்பார்கள் போலும். கோட்டையில் இருக்கும் பழைய பிரதான தபாலகம், சுங்கக் கட்டடம், கடலைப் பார்த்து நிற்கும் கோல்பேஸ் ஹோட்டல் என்று அவருடைய கைபட்டவையாகச் சொல்லப்படும் கட்டடங்களின் பட்டியல் நீளமானது. பஸ்ஸில் போகும்போது நாம் பார்க்காமலே கடந்து போகிறவை இவை.

அந்தப் பட்டியலில் எல்லாரும் முதலில் சொல்வது கொழும்பு நூதனசாலையை. 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரி அதை விரும்பித் தொடங்கினார். வரைபடம் போட்டவர் ஜே. ஜி. ஸ்மிதர். கட்டியவர் நம்முடைய பாஸ். வெள்ளை நிறத்தில், வளைவு வளைவான விறாந்தைகளோடு, இத்தாலியப் பாணியில் எழுந்த அந்தக் கட்டடம் 1876 இல் முடிந்தது. 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது.

அன்றைக்கு நடந்ததாக நம்மவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திறப்பு விழாவுக்கு முஸ்லிம்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். விழாவின் முடிவில் ஆளுநர் பாஸைக் கூப்பிட்டு, இவ்வளவு அழகாக வேலையை முடித்துத் தந்ததற்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டார். வாப்பிச்சி மரிக்கார் தனக்காக எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும், அது எங்களுடைய ஜும்ஆ நாள் என்றார். ஆளுநர் ஒப்புக்கொண்டார். அடுத்ததாக மரவேலைக்குப் பொறுப்பாக இருந்த தச்சரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் உள்ளூர்ப் பட்டம் ஒன்றைக் கேட்டார். அதுவும் கிடைத்தது.

இதை நான் வகுப்பிலே முன்வைத்தபோது எல்லாரும் தச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு எத்தனை குமர்ப் பிள்ளைகள் இருந்தார்களோ, ஒரு பட்டம் இருந்தால் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்திருப்பார், கேட்கச் சொன்னபோது கேட்டார், அதில் என்ன குற்றம் என்றார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஒருவரின் பெருமையைச் சொல்ல இன்னொருவரைச் சிறியவராக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதையைச் சொல்பவர்கள் தச்சரின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பட்டம் கிடைத்தும் பெயர் நிலைக்கவில்லை, பாவம்.

அந்த வெள்ளிக்கிழமை நெடுங்காலம் நிலைத்தது. கண்டியின் கடைசி மன்னனுடைய சிம்மாசனம் 1815 க்குப் பின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1934 இல் திருப்பித் தரப்பட்டது அல்லவா? அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது ஒரு வெள்ளிக்கிழமை நூதனசாலையைத் திறக்க வேண்டியிருந்ததாம். பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, பாஸின் பேரரான சேர் ராசிக் பரீதிடம் அனுமதி கேட்டுத்தான் திறந்தார் என்று சொல்வார்கள். ஒரு மேசன் கேட்ட வாக்கை ஒரு பிரதமர் மதித்தார் என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

ஆனால் கணக்குக் கொப்பி கையில் இருந்ததாலோ என்னவோ, எனக்கு வேறொரு யோசனையும் வந்தது. நாம் ஏன் எப்போதும் இந்தக் கதையையே சொல்கிறோம்? இது நமக்குப் பெருமை தருகிற கதை. அரசாங்கத்திடமிருந்து நமக்கு ஒன்று கிடைத்த கதை. கேட்டது பாஸ், கொடுத்தது ஆளுநர். பாஸ் தானே கொடுத்த கதை ஒன்று இருக்கிறது. அதற்கு ஆளுநரும் இல்லை, விழாவும் இல்லை. அதனால் அது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அந்தக் கதைக்கு இன்னும் பதினைந்து வருடங்கள் போக வேண்டும்.

அந்தப் பதினைந்து வருடங்களில் இரண்டு மனிதர்கள் குறுக்கே வருகிறார்கள். ஒருவர் எகிப்திலிருந்து வந்தார். ஒறாபி பாஷா. ஆங்கிலேயருக்கு எதிராக நின்ற படைத்தலைவர். 1882 இல் தல்-அல்-கபீர் போரில் தோற்று, தோழர்கள் சிலரோடு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். 1901 வரை இங்கேதான் இருந்தார். மற்றவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை. தமிழை ஒரு பாடமாக எடுக்கும் எங்களுக்கு அவரைத் தெரியும். அஸன்பேயுடைய கதையை 1885 இல் எழுதியவர். முஸ்லிம் நேசன் பத்திரிகையை 1882 இல் தொடங்கியவர்.

சித்திலெப்பைக்கு ஒரே கவலைதான். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடுமோ என்று பெற்றோர் பயந்தார்கள். பயந்து, அனுப்பாமலே விட்டார்கள். வியாபாரம் தெரிந்தால் போதும், குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும் என்றார்கள். மற்றச் சமூகங்களில் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் உருவாகிக்கொண்டிருக்க, நம்மவர்கள் கல்லாப் பெட்டிக்குப் பின்னாலேயே இருந்தார்கள். மார்க்கத்தோடு ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரு முஸ்லிம் பாடசாலை வேண்டும் என்று சித்திலெப்பை எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1884 இல் கொழும்புப் புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் தொடங்கியும் பார்த்தார். அது நிலைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம்.

நான் ஓ.எல். வரை படித்த பாடசாலைக்கு நாலு வருடங்களுக்கு முன் வாப்பா மூன்று கணினிகள் வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் வியாபாரம் நன்றாக இருந்தது. ஒரு சின்ன வைபவம் நடத்தி, வாப்பாவுக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். அந்தப் பாடசாலையின் பெயரை எழுத மாட்டேன். அங்கே எனக்குக் கற்பித்தவர்களில் பலர் என் மரியாதைக்குரியவர்கள். ஆனால் கணினிகள் அலுமாரிக்குள் போயின. பிளக் பொயின்ட் இல்லை என்றார்கள். பிறகு பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். நான் பாடசாலையை விட்டு வரும்வரை அவை பொலித்தீன் உறையோடு அங்கேயே இருந்தன. தங்கச்சி இப்போது அங்கே பத்தாம் வகுப்பு. இன்னும் இருக்கின்றன என்கிறாள். அன்றிலிருந்து வாப்பா பாடசாலை என்ற சொல்லைக் கேட்டாலே ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வாப்பா கொடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஸகாத் தனிக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் ஷஃபானில் கடையில் உள்ள விற்பனைச் சாமான்களை அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கையிருப்பையும் வரவேண்டிய கடனையும் சேர்த்து, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, நூற்றுக்கு இரண்டரை எடுத்து வைப்பார். அதைத் தொட்டு மினாராவுக்குப் பெயின்ட் வாங்க முடியாது. குர்ஆன் சொல்லும் எட்டுக் கூட்டத்தாருக்கு மட்டுமே அது உரியது. முதலில் சொந்தத்தில் கஷ்டப்படுபவர்கள், பிறகு அக்கம்பக்கம். அதில் வாப்பாவுக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற ஸதகாவில்தான். அது எவ்வளவு என்று எவரும் கட்டாயப்படுத்துவதில்லை, யாருக்கு என்றும் சொல்வதில்லை. விலைவாசி ஏறிய பிறகு நம் ஊரில் வீடு கட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். வீடு கட்டாவிட்டால் எங்கள் கடைக்கு என்ன வரும்? இந்த வருடம் கொப்பியில் இருபத்து மூன்று பெயர்கள். கையில் இருந்ததோ ஏழெட்டுப் பேருக்குத்தான் காணும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிடலாமே என்று நான் சொன்னேன். அப்படிக் கொடுத்தால் யாருக்கும் பகை வராது, யாருடைய வேலையும் முடியாது என்றார் வாப்பா.

சரி, பாஸிடம் திரும்புகிறேன்.

முதற் பாடசாலை நிலைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? எங்கள் வாப்பாவைப் போன்ற ஒரு வியாபாரி அதற்குப் பிறகு என்ன செய்திருப்பார்? சித்திலெப்பை அடுத்த முறை கடைக்கு வந்தபோது தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார். ஒருமுறை தோற்ற காரியத்தில் காசு போடுவது வியாபாரப் புத்தி இல்லை. சித்திலெப்பை மறுபடியும் பேசினார். வாப்பிச்சி மரிக்கார் அவரோடு சேர்ந்து நின்றார். 1892 ஆகஸ்ட் 22 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. போஷகராக ஒறாபி பாஷா இருந்தார். அப்போது பாஸுக்கு வயது 63. பேரப்பிள்ளைகளோடு விறாந்தையில் இருக்க வேண்டிய வயதில் பாடசாலைப் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் மூவரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒருவர் எழுதவும் பேசவும் தெரிந்தவர். ஒருவர் தோற்றுப்போன தளபதி, இந்த நாட்டில் அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை, ஆனால் அவர் சொன்னால் முஸ்லிம்கள் கேட்டார்கள். மூன்றாமவர் கட்டத் தெரிந்தவர். எந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும், எவ்வளவு செலவாகும், எந்த ஆளை நம்பலாம் என்று அறிந்தவர். முதல் இருவர் மட்டும் இருந்திருந்தால் இன்னொரு நல்ல பேச்சு மிஞ்சியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். என் வரலாற்று டீச்சர் இது கொஞ்சம் அதிகம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். இருக்கட்டும்.

சித்திலெப்பை 1898 இல் காலமானார். பாடசாலை ஆறு வயதுப் பிள்ளை. ஒறாபி பாஷா 1901 இல் எகிப்துக்குத் திரும்பிப் போனார். பாஸ் இருந்தார். 1921 இல் ரீ. பி. ஜாயா அதிபராக வந்து, ஸாஹிராவை நாடறிந்த கல்லூரியாக்கத் தொடங்கியதையும் அவர் உயிரோடு இருந்து கண்டார். 1925 இல், 96 ஆவது வயதில், வபாத்தானார். தான் நட்டதை முப்பத்து மூன்று வருடங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதையெல்லாம் வாசித்து மகிழ்ந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஸாஹிரா ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்தில் நினைத்தவர்கள் மிகக் குறைவு. சித்திலெப்பை நினைத்தார், கண்டியில் பெண்களுக்கென்றும் ஒரு பாடசாலை தொடங்கினார். கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது 1946 இல். அதைத் தொடங்கியவர் வேறு யாருமல்ல, நான் முன்பு சொன்ன சேர் ராசிக் பரீத், பாஸின் பேரர். 1892 க்கும் 1946 க்கும் இடையில் 54 வருடங்கள். அண்ணன்தம்பிமார் கல்லூரிக்குப் போன வீடுகளில் எத்தனை பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பார்கள்? எங்கள் உம்மும்மாவின் தாயார் அவர்களில் ஒருவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கணக்கு மட்டும் மனத்திலேயே போடுவாராம், ஒரு சதம் பிசகாது. ஆனாலும் ராசிக் பரீத் பிறந்தது 1893 இல், ஸாஹிரா திறந்து ஒரு வருடத்துக்குப் பின். தாத்தா வபாத்தாகும்போது அவருக்கு 31 வயது. தாத்தா விட்ட இடம் எது என்று பேரருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி என் கொப்பி.

இருபத்து மூன்று பெயர்களையும் ஒருநாள் இரவு மறுபடி வாசித்தேன். கடைக்கு வந்து கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் கேட்டவையும் பெரும்பாலும் ஆண்கள் கூடுகிற இடங்களுக்கு. நான் படித்த பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லை. தொட்டிகள் இருக்கின்றன, டெப் இல்லை, இருந்த பைப்பும் வெடித்துவிட்டது. பரிசோதனை என்றால் டீச்சர் மேசையில் ஒரு வாளியை வைத்துச் செய்து காட்டுவார், நாங்கள் நாற்பது பேர் எட்டி எட்டிப் பார்ப்போம். எனக்கு உயிரியல் படிக்க ஆசை இருந்தது. கலைப்பிரிவுக்கு வந்ததற்கு அந்த வாளி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், என் கணிதப் புள்ளியும் ஒரு காரணம். ஆனால் வாளிக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது தங்கச்சி எட்டிப் பார்க்கிறாள். அந்த ஆய்வுகூடத்துக்காக யாரும் ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் கடைக்கு வரவில்லை. வந்தால் வாப்பா என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இருபத்து நான்காவதாக நானே எழுதினேன்.

மறுநாள் வாப்பா கொப்பியைப் பார்த்தார். விரல் அந்த வரியில் நின்றது. கணினிகளை மறந்துவிட்டாயா என்று கேட்டார். மறக்கவில்லை என்றேன். பிறகு எப்படித் தைரியம் வந்தது என்று எனக்கே தெரியாது, புதிய சோனகத் தெருவில் நிலைக்காமல் போன பாடசாலையையும் எட்டு வருடம் கழித்து மருதானையில் திறந்த பாடசாலையையும் பற்றிச் சொன்னேன். வாப்பா கேட்டுக்கொண்டே கல்லாவில் சில்லறையை அடுக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு, உன்னுடைய பாஸ் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லையே, கூடவே நின்றாரே என்றார். நான் செய்யாமல் விட்டது அதுதான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் எனக்குக் கேட்டது.

உம்மா குறுக்கிட்டார். காசு கொடுத்தால்தானே காசு எங்கே என்று கேட்க வேண்டும், கடையில் பைப் இல்லையா என்றார். எங்கள் வீட்டில் நல்ல யோசனைகள் பெரும்பாலும் சமையலறைப் பக்கமிருந்துதான் வருகின்றன. வாப்பா கொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அரை அங்குலப் பைப் இத்தனை நீளம், டெப் எட்டு, எல்போ, சொக்கட், சொலுஷன் டின் ஒன்று. கொள்விலைக்கு எவ்வளவு என்று கூட்டினார். மினாராவின் பெயின்டுக்கு ஒதுக்கியிருந்ததில் பாதிகூட வரவில்லை. மினாராவுக்குத் தர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்தாரும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார்கள். அவர்களுக்கு இந்த வருடம் இரண்டு டின் குறைந்தது. விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு இப்போது பல்ப் வாங்கக்கூட வேறு கடைக்குப் போகிறார்கள்.

அந்த வாரத்துக்குள் நான் நூதனசாலைக்கும் போய் வந்தேன், உம்மாவோடும் தங்கச்சியோடும். வேண்டுமென்றே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். திறந்திருந்தது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையும் திறக்கிறார்கள். ஆளுநர் கிரகரியின் சிலை முன்னால் நிற்கிறது. கட்டியவருக்கு அங்கே சிலை இல்லை, நம்முடைய வழக்கத்தில் அது தேவையும் இல்லை. தங்கச்சி சிம்மாசனத்தைப் பார்க்க ஓடினாள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்மா பன்னிரண்டுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். வாப்பா பன்னிரண்டு மணிக்குக் கடையின் பாதிக் கதவை இறக்கி ஜும்ஆவுக்குப் போவார், இரண்டு மணிக்குத்தான் மறுபடி திறப்பார், அதற்குள் சாப்பாடு ஆக வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எதிர்க் கடைக்குப் போகிற வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல. அதை எவரும் வாப்பாவிடம் கேட்டு வாங்கியதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, பாடசாலை அதிபரின் அனுமதியோடு, பைப் பாஸ் ஒருவரையும் ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு வாப்பா போனார். நானும் போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு வாப்பா அந்தக் கேற்றுக்குள் கால் வைக்கிறார். காவலாளிக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. பாஸ் சுவரைக் கொத்தத் தொடங்கியதும் வாப்பா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு ஆய்வுகூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தேநீருக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள், பிறகு வருகிறேன் என்றார். லுஹர் தொழுகைக்குப் போய் வந்து மறுபடி அதே கதிரை. அஸருக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது டெப்பிலிருந்து முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. எட்டில் ஒன்று கசிந்தது. கழற்றி வேறு வொஷர் போட்டார்கள்.

கிளம்பும்போது வாப்பா அடுத்த அறைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அலுமாரி தெரிந்தது. பிளக் பொயின்ட் அடிக்க எத்தனை யார் வயர் வேண்டும் என்று அந்தப் பையனிடம் கேட்டார். பையன் கையால் அளந்து பார்த்துவிட்டு, இருபது காணும் என்றான். நான் கொப்பியைக் கொண்டுபோயிருக்கவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.